பழைய எண், புதிய எண்: மயிலாப்பூர்த் தெருக்களை வாசித்தல்

மயிலாப்பூரில் யாரிடமாவது வீட்டு விலாசம் கேட்டால் இரண்டு எண்கள் வரும். "பழசு பதினாலு, புதுசு இருபத்தேழு." கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சாகிறது. வங்கிப் பாஸ்புத்தகத்திலும் அப்படித்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, செல்பேசியைக் காதில் வைத்தபடி டெலிவரி பையன் கேட்பதும் இதைத்தான்: "சார், நீங்க சொன்னது பழைய நம்பரா, புது நம்பரா?"

வெளியூர்க்காரருக்கு இது புரியாத வழக்கம். காரணம் எளிது. ஒரே மனையை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டபோது 14 என்பது 14/1, 14/2 ஆனது; பின்கட்டை விற்றபோது 14-ஏ முளைத்தது. தெருவின் வரிசை குலைந்தது. அதைச் சீர்படுத்த மாநகராட்சி புதிதாக எண் கொடுத்தது. ஆனால் பத்திரம் பழைய எண்ணில் இருந்தது. உறவினர் டைரியில் பழைய எண், தபால்காரர் நினைவிலும் பழைய எண். ஆகவே புதிய எண் வந்தது. பழைய எண் போகவில்லை. சில வாசல்களில் இரண்டு தகடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆணியில் நிற்கின்றன. மேலே துருவேறிய எனாமல் தகடு, கீழே பெயின்ட் காயாததுபோல் பளபளக்கும் தகரம்.

இந்த வட்டாரத்தின் இயல்பே இதுதான். புதியது வருகிறது, பழையதை அகற்றாமல் அதன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் உரசும் இடத்தில் ஏதோ ஒரு விநோதம் பிறக்கிறது. கணுக்கால் உயரத்தில் ஒரு ஜன்னல், அடுக்குமாடிச் சுவருக்குள் ஒரு பிள்ளையார், ஐஸ் இல்லாத ஐஸ் ஹவுஸ். நடந்து போகிறவர் கண்ணுக்கு வேடிக்கை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆணையோ, ஒரு வறட்சியோ, ஒரு பாகப்பிரிவினையோ இருக்கிறது. நகரத்தின் கோப்புகளில் கிடைக்காத வரலாறு இப்படித் தெருவில் கிடக்கிறது. அதைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

பெயர்களிலிருந்து தொடங்கலாம். லஸ் முனையில் பூ விற்கும் பெண்மணி ஒரு நாளைக்கு நூறு முறையாவது "லஸ்" என்று சொல்வார். அது போர்த்துகீசியச் சொல். ஒளி என்று பொருள். அருகிலுள்ள மாதா கோயிலின் பெயர் பிரகாச மாதா கோயில். அங்குள்ள கல்வெட்டு 1516 என்ற ஆண்டைக் காட்டுகிறது. கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்ததாம். அதைப் பின்தொடர்ந்து வந்து, ஒளி மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்களாம். அந்தக் காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால் மக்கள் அதைக் காட்டுக் கோயில் என்றார்கள். காடு போய்விட்டது. போர்த்துகீசியரும் போய்விட்டார்கள். 'லஸ்' மட்டும் பேருந்து நடத்துநர் குரலில், ஆட்டோ பேரத்தில், கடைப் பலகைகளில் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது.

பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தின் கதை இன்னும் கனமானது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78 பெரும்பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. அதன்மேல் ஹாமில்டன் என்ற பெயரில் ஒரு பாலம் இருந்தது. சென்னை நாக்கில் 'ஹ' நிற்கவில்லை. ஹாமில்டன் அமில்டன் ஆகி, பிறகு 'அம்பட்டன் வாராவதி' ஆகிவிட்டது. கதை அத்தோடு முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அந்தத் தமிழ்ப் பெயரைத் திருப்பி மொழிபெயர்த்து, 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதத் தொடங்கினார்கள். ஒரு வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர் இரண்டு மொழிகளைச் சுற்றி வந்து ஒரு சாதியின் பெயராக நின்றுவிட்டது. பிற்பாடு அந்தப் பாலத்துக்கு அம்பேத்கரின் பெயர் சூட்டப்பட்டது. வாய்தவறிப் பிறந்த ஒரு சாதிப்பெயர் இருந்த இடத்தில் சாதியை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடியவரின் பெயர் வந்தது, சென்னையின் பெயர் மாற்றங்களில் மிகப் பொருத்தமானது என்றே சொல்ல வேண்டும்.

கடற்கரைப் பக்கம் சற்று வடக்கே போனால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட கிடங்கு இது. உள்ளூரிலேயே பனிக்கட்டி தயாரிக்க வழி பிறந்ததும் வணிகம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று கட்டடத்தின் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் வட்டாரத்தின் பெயர் ஐஸ் ஹவுஸ்தான். கடைசிப் பனிக்கட்டி உருகி நூறாண்டுக்கு மேலாகியும் காவல் நிலையத்தின் பெயர் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம்.

சாலைகளுக்கும் இரட்டைப் பெயர் உண்டு. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆனது. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை. எழுபது வயதுக்காரர் பழைய பெயரைச் சொல்வார். அவர் பேத்தி புதிய பெயரைச் சொல்வாள். ஆட்டோக்காரருக்கு இரண்டும் தெரியும்.

பெயர்களின் இரட்டை வாழ்வு யாரையும் காயப்படுத்துவதில்லை. சாலையின் மட்டம் அப்படியல்ல.

சித்திரக்குளத்தைச் சுற்றியுள்ள சந்துகளிலும், கச்சேரி சாலையை ஒட்டிய குறுந்தெருக்களிலும் நடக்கும்போது வாசல்களைக் கவனிக்க வேண்டும். சில பழைய வீடுகளுக்குள் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கட்டியவர் அப்படிக் கட்டவில்லை. அந்தக் காலத்து ஓட்டு வீட்டுக்கு வாசலில் இரண்டு மூன்று படிகள், அதற்கு மேல் திண்ணை, பிறகு ரேழி. மழைநீர் தெருவில் ஓடும், வீடு மேலே இருக்கும். அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. தெருவைப் பார்த்த ஜன்னலின் அடிக்கட்டை இப்போது நடப்பவரின் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. திண்ணை தெருவோடு தெருவாகிவிட்டது. இரும்பு கேட்டைத் திறக்க முடியாமல், அதன் அடிப்பாகத்தை வெல்டிங்காரரை வைத்து ஒரு சாண் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய கம்பிகளின் முனை கரடுமுரடாக அப்படியே தெரிகிறது.

வீடு புதையவில்லை. தெரு வளர்ந்திருக்கிறது.

கணக்குப் போட்டால் விளங்கும். தார்ச்சாலையைப் புதுப்பிக்கும்போது வழக்கமாகப் போடும் மேலடுக்கு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதன்மேலேயே போட்டுக்கொண்டு போனால் இருபத்தைந்து ஆண்டில் 20 சென்டிமீட்டர், ஐம்பது ஆண்டில் 40 சென்டிமீட்டர். ஒரு படியின் உயரம் சுமார் 15 சென்டிமீட்டர். அதாவது தாத்தா கட்டிய மூன்று படிகளைப் பேரன் காலத்துக்குள் தார் ஏறக்குறைய விழுங்கிவிடும். இதற்கிடையே குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டி மூடிய பள்ளங்களின் மேடு வேறு. பாதாளச் சாக்கடை மூடிகளை ஒவ்வொரு முறையும் உயர்த்திக் கட்ட வேண்டும். உயர்த்த மறந்தால் மூடி தாருக்கு அடியில் போய்விடும். அடைப்பு ஏற்படும் நாளில் கடப்பாரையால் தட்டித் தட்டித் தேடுவார்கள்.

சுரண்டாமல் போடுவது ஏன்? சுரண்டினால் அதற்குத் தனி இயந்திரம் வேண்டும், சுரண்டியதை அள்ளிப் போக லாரி வேண்டும், ஒரு நாள் கூடுதலாகப் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். மேலேயே போட்டுவிட்டால் காலையில் பளபளக்கும் சாலை தயார். 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பை அகற்றிவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக்கூடாது என்று அறிவுறுத்தினார். சென்னைவாசிகள் அந்தச் செய்தியை எத்தனை ஆறுதலோடு படித்தார்கள் என்பதை இறங்கிப் போகும் வாசல் உள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும். இப்படிச் சுரண்டுவதைக் குறிக்கும் 'மில்லிங்' என்ற சொல் அதன் பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. தெருவில் தார் வண்டி வந்து நின்றால், "மில்லிங் பண்ணீங்களா?" என்று முதலில் கேட்கிற மாமாக்கள் ஒவ்வொரு சந்திலும் இருக்கிறார்கள். அவர்களால்தான் சில வாசல்கள் இன்னும் தெருவுக்கு மேலே இருக்கின்றன.

ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட வீடுகளுக்கு இரண்டு வழிகள்தாம். முதல் வழி, வாசலில் சிமென்ட் மேடு. மழைநீர் உள்ளே வராமல் வாசற்படியில் ஒரு சாண் சுவர், ஸ்கூட்டர் ஏற அதன் இருபுறமும் சரிவு. இரண்டாவது வழி, வீட்டையே தூக்குவது. இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் தாழ்வான பகுதிகளில் பலர் இந்த வழிக்குப் போனார்கள். ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் இதில் கைதேர்ந்தவை. சுவரின் ஓரமாகத் தோண்டி, அடித்தளத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்து, இரும்புச் சட்டங்களைச் சொருகி, அவற்றின் கீழே நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வரிசையாக வைக்கிறார்கள். லாரி டயர் மாற்றப் பயன்படுகிற அதே இனம். பிறகு எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவாகத் திருப்புகிறார்கள். ஒன்று முந்தினாலும் சுவர் வெடிக்கும். கால் அங்குலம், அரை அங்குலம் என்று வீடு எழுகிறது. இடைவெளியில் செங்கல்லும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டிக்கொண்டே வருகிறார்கள். சில வாரங்களில் வீடு மூன்று நான்கு அடி உயர்ந்துவிடும். சமையலறையில் டப்பாக்கள் அலமாரியிலேயே இருக்கும்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளுக்கு இந்த வைத்தியம் எளிதல்ல. சுண்ணாம்பும் செங்கல்லுமாக எழுப்பிய சுவர்கள், மர உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அவை அசைவைப் பொறுக்காதவை. வெள்ளம் இரண்டு முறை உள்ளே வந்துவிட்டால் உரிமையாளர் களைத்துப் போகிறார். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பில்டர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். தெருவின் உயரம் வீட்டின் ஆயுளை முடித்துவைக்கும் விதம் இதுதான். ஓட்டு வீடுகள் மறைவதற்கு நில மதிப்பை மட்டுமே காரணமாகச் சொல்லுகிறவர்கள், தாரின் பங்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீடு இடிந்தால் முதலில் போவது கதவு. பர்மா தேக்கில் செய்த நிலையும் கதவும் தூணும் பழைய மரக்கடைக்குப் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாரோ கட்டும் பண்ணை வீட்டுக்கோ, ஓர் உணவகத்தின் முகப்புக்கோ போகின்றன. இடத்தைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்கள். அடுத்து வருவது திருஷ்டி பொம்மை. கட்டடம் முதல் மாடி எழுந்ததும், வைக்கோல் திணித்த பழைய சட்டை, பேன்ட், தலைக்குச் சட்டி, அதில் மீசை. தெருவைப் பார்த்தபடி கம்பியில் கட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் நாக்கு நீட்டிய அரக்க முகம் வரைந்த பூசணிக்காய். சோளக்கொல்லையில் பறவை விரட்டப் பிறந்த உருவம் ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல் நின்று பொறாமையை விரட்டுகிறது. இன்று அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளத்துக்காரர்கள். ஆனாலும் பொம்மை மாறவில்லை. கடைகளுக்குள் இதே அச்சத்தின் இன்னொரு வடிவம் உண்டு: "என்னைப் பார் யோகம் வரும்" என்ற எழுத்தோடு சட்டம் போட்ட கழுதைப் படம். வருகிறவரின் கண் முதலில் கழுதைமேல் படட்டும் என்பது கணக்கு.

பழைய வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு இடம்பெயரும் ஒரே குடித்தனக்காரர் பெரும்பாலும் பிள்ளையார்தான். ஒரு தெரு நேராக வந்து ஒரு வீட்டில் முட்டினால் அது தெருக்குத்து. அந்த வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. ஆகவே தெருவைப் பார்த்தபடி மதிலில் ஒரு மாடம் வைத்து அதில் பிள்ளையாரை உட்கார்த்தி வைப்பார்கள். வருவதை அவர் வாங்கிக்கொள்வார். வீட்டை இடிக்கும்போது அவரை மட்டும் யாரும் தொடுவதில்லை. சுற்றிலும் பள்ளம் தோண்டியிருக்கும். நடுவே ஒரு துண்டு மதிலும் பிள்ளையாரும் நிற்பார்கள். கட்டடம் எழுந்ததும் கிரானைட் பதித்த புதிய மதிலில் அவருக்கு டைல்ஸ் ஒட்டிய புது மாடம், சிறு கிரில் கதவு, ஓர் எல்.இ.டி. விளக்கு. முன்பு அந்த வீட்டு அம்மா வைத்த பூவை இப்போது காவலாளி வைக்கிறார். யாரோ ஒரு வீட்டுக்காரரின் நம்பிக்கையாக இருந்தவர், பதினாறு குடும்பங்களின் பராமரிப்புச் செலவில் ஒரு வரியாகிவிட்டார்.

மதிலின் வெளிப்புறத்தில் வேறு தெய்வங்கள் இருக்கின்றன. "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்ற எழுத்து பலிக்காத இடங்களில் சாமிப் பட டைல்ஸ்களை இடுப்பு உயரத்தில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, பிறைநிலவும் மெக்காவும். மூன்று மதமும் பக்கத்தில் பக்கத்தில். எந்தப் பக்தரும் தப்பிக்க முடியாத ஏற்பாடு. நகரத்துக்குப் போதிய கழிப்பறை கட்டித் தந்திருந்தால் இந்தத் தெய்வங்களுக்கு இந்த வேலை வந்திருக்காது.

புதிய அடுக்குமாடிகளின் தரைத்தளம் கார் நிறுத்தம். 'ஸ்டில்ட்' என்பார்கள். தூண்கள், கார்கள், மின்சார மீட்டர்கள். மனிதர்கள் முதல் மாடியிலிருந்துதான். திண்ணையும் ஜன்னலும் இருந்த தெருவோரம் இப்படி ஆளற்றுப் போனதில் மயிலாப்பூர் இழந்தது அதிகம். யார் வருகிறார், யார் போகிறார், எந்தக் குழந்தை தனியாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த கண்கள் மேலே ஏறிவிட்டன. கேட்டோரம் கிடக்கும் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலிதான் மிச்சமிருக்கும் திண்ணை. மாலையில் இஸ்திரிக்காரர், கீரைக்காரம்மா, பக்கத்து வீட்டு டிரைவர் என்று அதைச் சுற்றித்தான் பேச்சு கூடுகிறது. கோலமும் அப்படியே. பன்னிரண்டு வீடுகளுக்கும் சேர்த்து வாசலில் ஒரே கோலம். அதைப் பெரும்பாலும் போடுவது வேலை செய்ய வரும் பெண்ணோ காவலாளியின் மனைவியோ. சாணம் தெளித்த மண்ணில் இழுத்த மாதிரி சிமென்டில் இழை நிற்பதில்லை என்று போடுபவர்களே சொல்வார்கள். ஆனால் ஜனவரியில் மயிலாப்பூர்த் திருவிழாவின்போது வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி நடக்கிறது. ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்த கருப்புத் தார்ச்சாலையில் வெள்ளை மாவு விழும்போது, அந்தத் தார்மீது உள்ள கோபம் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

சென்னையில் மெட்ரோ ரயில் வந்த 2015-க்கு முன் "மெட்ரோ" என்றால் தண்ணீர். மெட்ரோ வாட்டர் லாரி, மெட்ரோ வாட்டர் பம்பு. பழைய வீடுகளின் வாசலோரம் இன்றும் ஓர் அடி பம்பு தலைகுனிந்து நிற்கிறது. குழாயில் தண்ணீர் தானாக ஏறி வரும் அழுத்தம் இல்லாத காலத்தில் விடியற்காலை எழுந்து, தெருக்குழாயிலிருந்து அடித்து எடுத்தவர்களின் கைப்பிடி அது. அதன் இரும்பு, கை பட்ட இடத்தில் மட்டும் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. பம்பின் மூக்குக்குக் கீழே சிமென்ட் தரையில் குடம் வைத்து வைத்து ஏற்பட்ட வட்டக் குழி. பல வீடுகளில் பம்பின் மேல் இப்போது துளசித் தொட்டி, அல்லது காயவைத்த கால்மிதி.

ஆனால் யாரும் அதைப் பிடுங்கிப் போடவில்லை. காரணம், தண்ணீர் மறுபடி நின்றுவிடுமோ என்ற பயம். 2003 வறட்சியில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. செய்யாதவர்களுக்குக் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையோடு. 2004-இல் வீராணம் ஏரித் தண்ணீர் வந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் 2019 கோடை வந்தது. ஏரிகள் தரை காட்டின. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். லாரி வரும் முன்பே பச்சை, ஆரஞ்சு, நீலக் குடங்கள் தெருமுனையில் வரிசையில் நின்றன. குடத்துக்கு உரியவர் அங்கே இருக்க வேண்டியதில்லை. குடம் நின்றால் அவர் நின்றதாகக் கணக்கு. அந்த வரிசையை யாரும் கலைப்பதில்லை. எழுதாத இந்தச் சட்டத்துக்குச் சென்னைக்காரர்கள் காட்டும் மரியாதை, எழுதிய சட்டங்கள் பலவற்றுக்குக் கிடைக்காதது.

இதே ஏற்ற இறக்கத்தைக் கபாலீசுவரர் கோயில் குளத்தின் படிகளிலும் வாசிக்கலாம். வறண்ட ஆண்டுகளில் பையன்கள் குளத்தின் தரையில் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். மழை நின்று பெய்த ஆண்டுகளில் தைப்பூசத் தெப்பம் நிறைந்த நீரில் மிதந்திருக்கிறது. குளத்துக்கான நிலம் ஆற்காடு நவாப் தந்தது என்பது ஊர் சொல்லும் வரலாறு. மொஹரம் நாளில் முஸ்லிம்கள் அந்தப் படிகளில் இறங்கும் உரிமை அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் வியாபாரத்துக்கும் தனி உருவங்கள் உண்டு. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. பெயர்ப்பலகை தேவைப்படாத கடை. ஒரு வீட்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே காசு உள்ளே போகும். இட்லியும் பொங்கலும் பஜ்ஜியும் வெளியே வரும். தின்பவர்கள் தெருவில் நிற்பார்கள். கச்சேரி சாலையில் டப்பா செட்டிக் கடை. நூறாண்டு கடந்த நாட்டுமருந்துக் கடை. சரக்குகளைத் தகர டப்பாக்களில் வைத்து விற்றதால் ஊர் சூட்டிய பெயர் கடையின் பெயராகவே நிலைத்துவிட்டது. தீபாவளிக்கு முன் லேகிய மருந்து வாங்க இன்றும் கூட்டம். நவராத்திரி வந்தால் வடக்கு மாடவீதி நடைபாதை பொம்மைகளால் நிரம்பும். தசாவதார செட், கல்யாண செட் இவற்றோடு கிரிக்கெட் செட் வந்து பல காலமாகிறது; கொரோனா ஆண்டில் முகக்கவசம் போட்ட பொம்மைகள் வந்தன. எந்த ஆண்டு நாட்டில் என்ன நடந்தது என்பதைப் பொம்மைக்காரரின் சாக்கில் தெரிந்துகொள்ளலாம்.

அமாவாசையன்று இன்னொரு காட்சி. கோயில் பக்கம் ஓர் அம்மா பசுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மடியில் அகத்திக்கீரைக் கட்டுகள். வருகிறவர் காசு கொடுத்துக் கட்டை வாங்கி அந்தப் பசுவுக்கே கொடுத்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். புண்ணியம் வாங்கியவருக்கு, தீனி பசுவுக்கு, காசு அம்மாவுக்கு. மாடுகளைப் பிடிக்க மாநகராட்சி வண்டி வரும் நாளில் மட்டும் அம்மாவையும் காணோம், பசுவையும் காணோம்.

பங்குனியில் தேர் நகரும்போது பழைய மயிலாப்பூரும் புதிய மயிலாப்பூரும் நேருக்கு நேர் மோதும். குறுக்கே தொங்கும் கேபிள்களைக் கழிகளால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் முன்னே நடக்கிறார்கள். இணையத்தையும் தொலைக்காட்சியையும் ஊட்டும் அந்தக் கருப்புக் கயிறுகள் சுவாமிக்காக ஒரு நிமிடம் மேலே ஏறி, அவர் கடந்ததும் மறுபடி தொய்கின்றன. மறுநாள் அறுபத்துமூவர். அறுபத்து மூன்று நாயன்மார்களும் வீதி வர, மோரும் சோறும் தெருவெல்லாம். பக்கத்து அலுவலகங்கள் அன்று பிற்பகல் எப்படியும் இயங்காது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் மாற்றம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ரயில் மயிலாப்பூருக்குப் புதிதல்ல. கால்வாயின் நடுவே தூண் நட்டு வந்த பறக்கும் ரயில் 1997-இல் திருமயிலையைத் தொட்டது. பஞ்சத்தில் பசித்தவர்கள் வெட்டிய கால்வாயின்மேல், படகு போன பாதையில், பிரம்மாண்டமான, பெரும்பகுதி ஆளற்ற ஒரு கான்கிரீட் நிலையம் நிற்கிறது. அடுத்த ரயில் தரைக்குக் கீழே வருகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து வரும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் திருமயிலையில் ஒன்றை ஒன்று கடக்கின்றன, தரைக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக. கடற்கரை முனையிலிருந்து 2023 செப்டம்பரில் சுரங்கம் தோண்டக் கிளம்பிய இயந்திரத்துக்கு வைத்த பெயர் ஃபிளமிங்கோ, பூநாரை. மயிலின் ஊருக்கு அடியில் ஒரு பூநாரை.

மேலே, லஸ்ஸில், தகரத் தடுப்புகள் சாலையைப் பிடித்துக்கொண்டன. ஐம்பது ஆண்டாக ஒரே வழியில் நடந்தவர்கள் வழி கேட்கிறார்கள். தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோன கடைக்காரர்கள் அந்தத் தகரத்தின் மேலேயே பெயரை ஒட்டி, அம்புக்குறி போட்டு, "கடை திறந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். மெட்ரோ வேலை முடிந்ததும் தகரம் போய்விடும். அம்புக்குறிகளும் போய்விடும். அதற்குள் யாராவது அவற்றைப் படம் எடுத்து வைப்பது நல்லது. கடைக்காரர்கள் ஓர் ஐந்தாறு ஆண்டுகளை எப்படித் தள்ளினார்கள் என்பதற்கு அந்தத் தகரத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பறக்கும் ரயிலில் திருமயிலைக்கு அடுத்து, கடற்கரை திசையில், 2014-இல் திறந்த ஒரு நிலையம் இருக்கிறது: முண்டகக்கண்ணி அம்மன் கோயில். நிலையத்துக்குப் பெயர் தந்த கோயிலின் கருவறைக்குக் கான்கிரீட் இல்லை, ஓடும் இல்லை. தென்னங்கீற்று வேய்ந்த கூரை. அம்மனுக்குக் கீற்றுதான் பிடிக்கும், வேறு கட்ட உத்தரவு இல்லை என்பார்கள். சுற்றிலும் மண்டபங்கள் எழுந்தன, தெரு உயர்ந்தது, ரயில் வந்தது, அடுக்குமாடிகள் வந்தன. கருவறை மட்டும் கிராமத்துக் கொட்டகை போல இருக்கிறது. ஆடி மாதம் பொங்கல் வைக்க வரும் பெண்கள் அந்தக் கூரையைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள். கீற்று வெயிலில் காய்ந்து, மழையில் மட்கும். ஓட்டைப்போலவோ தாரைப்போலவோ அது பல ஆண்டு தாங்காது. பழையதைப் பிரித்துப் புதிய கீற்றை வேய ஆள் வேண்டும், முடைந்த கீற்று வேண்டும், அதை ஏற்றி வரும் வண்டி மெட்ரோ தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வந்து சேர வேண்டும்.